கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை

“படத்துல இருக்கிறது என் சட்டதானே? அப்ப அந்த வெள்ளக்கார அம்மா எனக்கும் அம்மாதானே?”

எட்டு வயதில் மேர்சி கேட்ட கேள்வி இது. வெளிநாட்டிலிருந்து வந்த முதல் கடிதத்தோடு, ஜொய்சியின் புகைப்படமும் வந்திருந்த நாள். லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கூடி நின்று படத்தைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியைக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். ஜொய்சியின் அம்மா மரியாயியும் சிரித்தாள்.

மேர்சியின் அம்மா அந்தோனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவி, “வா, சோறு திங்கலாம்” என்று உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

மேர்சியின் சட்டை ஜொய்சியின் உடம்புக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜொய்சிக்கு அப்போது ஆறு வயது. நிவித்திகல டவுனுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவுக்கு, ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் ஆதரவாளர் தேடிக் கொடுக்கும் நிறுவனத்தின் ஜீப் முதன்முறையாக வந்தது. பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஜொய்சியிடம் கிழியாத சட்டை ஒன்றுகூட இல்லை. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மட்டுமே படம் எடுத்துப் பழகியவர்கள் லயத்து ஆட்கள். படம் என்றால் நல்ல உடுப்பு வேண்டும், கிழிசலோடு நின்றால் வெள்ளைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று மரியாயி பயந்தாள். அடுத்த காம்பராவுக்கு, அந்தோனியம்மா வீட்டுக்கு, ஓடினாள். அங்கே மேர்சி, மாதா திருவிழாவுக்கு எடுத்த மஞ்சள் கவுன் சட்டையோடு, தலை சீவி, தயாராக நின்றாள்.

“எங்க புள்ளைய எடுத்ததும் ஓடியாந்து குடுத்துர்றேன், அந்தோனியம்மா.”

அந்தோனியம்மா மறு பேச்சில்லாமல் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மேர்சி உள்பாவாடையோடு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஜொய்சியைப் படம் எடுத்து முடித்ததும் மழை இறங்கியது. பாலம் முங்குவதற்குள் போக வேண்டும் என்று ஜீப்பைத் திருப்பினார்கள். மரியாயி சட்டையோடு ஓடி வந்தபோது, ஜீப் போன தடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அவர்கள் படம் எடுக்க வந்தபோது மேர்சிக்கு வயது தாண்டியிருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நோர்வே நாட்டில் எல்சா என்ற பெண்மணி ஜொய்சியை ஏற்றுக்கொண்டார். லயத்தில் அவருக்கு எல்சாம்மா என்று பெயர். அவரால் ஜொய்சிக்குப் பள்ளிக்கூடப் பையும் சப்பாத்தும் கிடைத்தன. மாலை வகுப்பும் பல் வைத்தியமும் கிடைத்தன. பிறந்தநாள் தவறாமல் வாழ்த்து வந்தது. அந்த நிறுவனம் லயத்துக் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தது. அதில் எல்லோரும் தண்ணீர் பிடித்தார்கள், மேர்சி உட்பட.

ஜொய்சி உயர்தரம் வரை படித்து, இப்போது மேற்கணக்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். மேர்சி, அம்மா நோயில் இறந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டாள். வயது நிறையும் முன்னே கல்யாணம். புருஷன் சின்னத்தம்பி சென்ற வருஷ மழையில் மாணிக்கக்கல் தோண்டும் குழிக்குள் மண் சரிந்து இறந்துபோனான். நான்கு வயது டிலுக்ஷியும் கொழுந்துக் கூடையும்தான் அவளுக்கு மிச்சம்.

ஜொய்சிக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. அதோடு அவளுக்கான உதவியும் முடிகிறது. எல்சாம்மா அதே லயத்தில் இன்னொரு பிள்ளையை ஏற்க விரும்புகிறார் என்று போன வாரம் நிறுவனத்திலிருந்து பளீலா மிஸ் மரியாயிக்குத் தொலைபேசியில் சொன்னார். ஏற்கக்கூடிய வயதில் லயத்தில் இருப்பது இரண்டே பிள்ளைகள். ஒன்று டிலுக்ஷி. மற்றது ஜொய்சியின் தம்பி ரெஜினோல்ட்.

“சனிக்கெழம காலயில கோயில் மண்டபத்துக்கு ரெண்டு பேரயும் கூட்டிட்டு வாங்க. ஒராளத்தான் எடுக்கலாம், அத ஒஃபிஸ்ல பாத்துக்குவாங்க. மேர்சிட்ட போன் இல்ல, நீங்க செல்லிருங்க” என்றார்.

மரியாயி சரி என்றாள். இன்று வெள்ளிக்கிழமை. அவள் இன்னும் சொல்லவில்லை.

*

“மேர்சியக்காட்ட சொன்னீங்களாம்மா?” கண்ணாடி முன் நின்று பின்னல் போட்டுக்கொண்டே ஜொய்சி கேட்டாள்.

“எத்தன தடவ கேப்ப? சொல்லியாச்சி.”

“என்னா சொன்னாங்க?”

“என்னாத்த சொல்லுவா? சரின்னா.”

“அவ்வளவுதானா?”

“பின்ன, ஆடிப் பாடணுமா?”

அப்பா ஜோன், ரப்பர் பால் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். ரப்பர் மலைக்குப் போகும் நேரம். வாசலில் ரெஜினோல்ட் ஒரு சட்டியில் இருந்த தண்ணீரில் முகத்தைப் பார்த்து, பல்லைக் காட்டியும் காட்டாமலும் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தான். முன்பல் விழுந்து ஒரு மாதம் ஆகிறது.

“பல்லு மொளச்ச பொறகு எடுக்கச் சொல்லுடா தொர” என்றார் ஜோன். “இப்ப எடுத்தா கெழவன்னு நெனச்சி பென்ஷன் அனுப்பிருவாங்க.”

“அப்பா!”

ஜொய்சி சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள். “நம்ம வீட்டுக்கு ஒரு தடவ கெடச்சிருச்சிம்மா. இந்த தடவ டிலுக்ஷிக்குக் கெடைக்கட்டும். தம்பி போகாட்டி என்னா?”

மரியாயி ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள்.

“ஒனக்குக் கெடச்சிச்சி. இவனுக்கு என்னா கெடச்சிச்சி? ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளதான்னு சொல்லிட்டாங்க. இத்தன வருஷம் பொறுத்திருந்தேன். நீ படிச்ச வாயால நாயம் பேசுற. நான் கொழுந்து எடுக்குற கையோட இருக்கேன்.”

“டிலுக்ஷிக்கு அப்பாகூட இல்லையேம்மா.”

“அதுக்கு நான் என்னா செய்ய? அவ புள்ள அவளுக்கு. எம் புள்ள எனக்கு.”

ஜொய்சி பையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பையும் எல்சாம்மா கொடுத்ததுதான். வாசலைத் தாண்டும்போது பக்கத்துக் கதவைப் பார்த்தாள். மேர்சி விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டாள். டிலுக்ஷி, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருப்பாள்.

ஜோன் கத்தியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே மனைவியைப் பார்த்தார். “சொல்லிட்டதானே புள்ள?”

“போங்க, வெயில் ஏறிட்டா பால் வடியாது” என்றாள் மரியாயி.

*

மரியாயி அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பகல் பஸ்ஸில் நிவித்திகலவுக்கு இறங்கினாள். ரெஜினோல்டுக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும். சம்பளத்தில் ஒதுக்கியிருந்ததைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தாள்.

துணிக்கடை ஜவ்பர் நானா சட்டைகளை விரித்துப் போட்டார்.

“மகனுக்கா? இந்தா, இந்த நீலத்தப் போட்டா மந்திரி மாதிரி இரிப்பான்.”

“மந்திரி வேணாம் நானா. புள்ள மாதிரி இருந்தா போதும்.”

“அப்ப இந்தா, கோடு போட்டது. வெளுத்தாலும் சாயம் போகா.”

சட்டையின் தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “யாரு, மரியாயியா?” என்று ஒரு குரல் கேட்டது. பளீலா மிஸ். கையில் மகளுக்கு வாங்கிய காலுறைகளோடு.

“நாளைக்கி வாறோம், என்ன? மேர்சிட்ட செல்லிட்டீங்கதானே?”

மரியாயிக்கு மகளிடம் வந்த பொய் இங்கே வரவில்லை. “சொல்லணும் மிஸ்.”

“இன்னம் செல்லல்லயா? நாளைக்கி விட்டா இந்தப் பக்கம் மறுகா எப்ப வருவோமோ தெரியா.”

“அவ புள்ளைக்குப் போட்டுக்க நல்ல சட்ட ஒன்னும் இல்ல மிஸ். அதான் எப்பிடிச் சொல்றதுன்னு...”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பளீலா சிரித்தார்.

“அல்லாவே! சட்டய யாரு கேட்ட? புள்ளட மொகம் தெரிஞ்சா எங்களுக்குப் போதும். இருக்கிற மாதிரி வந்தா சரி.”

“இப்ப அப்பிடியா மிஸ்?”

“எப்பவும் அப்பிடித்தான். ஒங்கட லயத்துக்கு மொதல் நாள் வந்தோமே, நான் அப்ப புதுசு. கெமராவுக்குக் கொட புடிச்சிட்டு நின்டேன். ஒரு பொடியன் சட்ட இல்லாம, களிசானோட மட்டும் ஓடி வந்தான். அப்பிடியே எடுத்தோம். அவனுக்கும் ஆள் கெடச்சிச்சி. இப்ப ரத்தினபுரியில கராஜ்ல வேல செய்றான்.” பிறகு ஏதோ நினைவு வந்தவராய்ச் சேர்த்தார். “ஒங்கட மகள் போட்டிருந்த மஞ்சள் சட்ட இன்னம் கண்ணுக்குள்ள இரிக்கி. பெருசு, காலுக்குள்ள சிக்கிச் சிக்கி நடந்து வந்தா. அனே, சின்னப் புள்ள.”

அவர் போய்விட்டார். மரியாயியின் கை கோடு போட்ட சட்டையின் மேலேயே இருந்தது.

அப்படியானால் மேர்சி உள்பாவாடையோடே வந்திருக்கலாம். ஜொய்சி கிழிசலோடே நின்றிருக்கலாம். இரண்டு பிள்ளைகளும் ஒரே மழைக்கு முன்னால், ஒரே லயத்து வாசலில், ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருக்கலாம். யாரும் யாருக்கும் எதையும் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

“கட்டவா தங்கச்சி?” என்றார் ஜவ்பர் நானா.

மரியாயி நிமிர்ந்து பார்த்தாள். “இது வேணாம் நானா” என்று, மேலே கொக்கியில் தொங்கிய ஒன்றைக் காட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் செபமாலையை எடுத்தாள். வழக்கமாகத் தோட்டத்துச் சந்தி வருவதற்குள் ஒரு மாலை முடிந்துவிடும். இன்று முதல் மணியிலேயே விரல் நின்றுவிட்டது. எதைக் கேட்பது என்று தெரியவில்லை. என் பிள்ளைக்குக் கொடு என்று கேட்டால் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதே என்றும் கேட்பதாகிறதே. தாயே, தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அதுவும் செபம்தான். அந்தத் தாய் அதை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருக்க மாட்டாள்.

*

“என் சட்ட எங்கம்மா?” ரெஜினோல்ட் பாதையிலேயே ஓடி வந்து கேட்டான்.

“கடையில ஒன் அளவு இல்லடா. பள்ளிக்கூட சட்டய வெளுத்துத் தாரேன். அது போதும்.”

அவன் உதட்டைப் பிதுக்கினான். அழவில்லை. பையில் வேறு ஏதோ இருப்பதைக் கவனிக்கவும் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் லயத்துக் கோடிக் குழாயடியில் மேர்சி நின்றாள். காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. டிலுக்ஷி கல்லில் உட்கார்ந்து, ஈர மண்ணில் குச்சியால் ஒரு வீட்டைக் கீறிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த சட்டை ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும்.

“மேர்சி.”

“என்னாங்க அத்தை? வாளிய வைக்கணுமா? இந்தா முடிஞ்சிரும்.”

“இல்ல. நாளைக்கிக் கோயில் மண்டபத்துல போட்டோ புடிக்கிறாங்க. எல்சாம்மா இன்னொரு புள்ளைய எடுக்கப் போறாங்களாம். ஒம் புள்ளையயும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.” மரியாயி ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். “போன கெழமையே சொன்னாங்க. நான்தான் சொல்லல.”

மேர்சி அவளை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது.

“ரெஜினோல்டும் போறானா?”

“போறான்.”

“ஒரு ஆளத்தானா எடுப்பாங்க?”

“ஒரு ஆளத்தான்.”

மேர்சி குழாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எங்களுக்கு வேணாம் அத்தை. தம்பியே போகட்டும். இவளுக்கு இருக்கிறது ரெண்டு சட்ட, ரெண்டும் இப்பிடித்தான். இதப் போட்டுக்கிட்டு படத்துல நிக்க ஏலாது.”

மரியாயி “சரி” என்று சொல்லியிருந்தால் போதும். நாளைக்கு ரெஜினோல்ட் மட்டும் நின்றிருப்பான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள், வராதது மேர்சியின் முடிவு. லயத்தில் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது.

“சட்ட வேணாமாம் மேர்சி.”

“என்னாங்க?”

“நல்ல சட்ட வேணாமாம். இருக்கிற மாதிரி போனா எடுப்பாங்களாம். இன்னைக்கித்தான் மிஸ் சொன்னாங்க.”

வாளி நிரம்பி வழிந்தது. மேர்சி குழாயை மூடவில்லை.

“அன்னைக்குமா?”

“அன்னைக்குந்தான்.”

தண்ணீர் டிலுக்ஷி கீறிய வீட்டை அழித்துக்கொண்டு ஓடியது. பிள்ளை “அம்மா!” என்று கத்தியபோதுதான் மேர்சி குழாயை மூடினாள்.

“எங்கம்மா சாவுறதுக்கு முந்தியும் அந்த சட்டயப் பத்திப் பேசினாங்க, அத்தை” என்றாள். “குடுத்துட்டோமேன்னு இல்ல. நான் கதவுக்குப் பின்னால அழுதுகிட்டு நின்னேனே, அத நெனச்சி. வெளிய வாடின்னு கூப்புட்டிருக்கலாம், எனக்குத் தோணலியேன்னாங்க.”

மரியாயி குனிந்து, டிலுக்ஷியின் குச்சியைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“நாளைக்கி வேலைக்கு வாறேன்னு கங்காணிட்ட சொல்லிட்டேன்” என்று சொல்லி, மேர்சி வாளியை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மரியாயிக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று குடும்பச் செபத்தில் வழக்கம்போல ஜொய்சி பெயர்களைச் சொன்னாள். எல்சாம்மாவுக்காக, இறந்த தாத்தாவுக்காக, ரெஜினோல்டின் பல்லுக்காகவும். பல்லைச் சேர்த்தது அவனேதான். முடித்து ஆமென் சொல்லப் போகும்போது மரியாயி குறுக்கிட்டாள்.

“அந்தோனியம்மாவுக்காகவும்.”

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் இந்தச் செபத்துக்குள் வந்ததில்லை. ஜோன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார். ஜொய்சி அம்மாவையே பார்த்தாள். பிறகு, “அந்தோனியம்மாவுக்காகவும்” என்று அவளும் சொன்னாள்.

*

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய பனி லயத்துக் கூரைத் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

மரியாயி பெட்டிக்குள் இருந்த பொதியை எடுத்தாள். ஓசைப்படாமல் கதவைத் திறந்து வெளியே வந்து, பக்கத்துக் கதவின் முன் நின்றாள். உள்ளே பிள்ளை ஒரு முறை இருமியது. மேர்சி ஏதோ சொல்லித் தட்டிக் கொடுப்பது கேட்டது. பிறகு அமைதி.

பொதியைப் பிரித்தாள். மஞ்சள் சட்டை. அன்றைய சட்டையைப் போல் இல்லை, கழுத்தில் சின்னதாக ஒரு பூ வேலை. டிலுக்ஷியின் அளவு அது. யாருடைய காலிலும் சிக்காது. அதை விரித்து, தோள் இரண்டும் நேராக இருக்கும்படி, கதவின் நாதாங்கியில் மாட்டினாள். சட்டை வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளையிடமிருந்து கழற்றி வாங்கியதை ஒரு பிள்ளைக்குத்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்?

கதவைத் தட்டவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“யாரும்மா கதவத் தொறந்தது?” பாயிலிருந்து தூக்கக் குரலில் ஜொய்சி கேட்டாள்.

“நாய். வெரட்டிட்டேன். தூங்கு.”

அடுப்படியில் உட்கார்ந்து ரப்பர் விறகை அடுக்கினாள். பற்ற வைக்கவில்லை. இரண்டு காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகாதது. அந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

நாதாங்கி அசைந்தது. கதவு திறந்தது.

பிறகு டிலுக்ஷியின் குரல்.

“அம்மா, இது யாரு சட்ட?”

மரியாயி கையில் இருந்த விறகை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஒன்னோடதுதான்” என்றாள் மேர்சி.

காலைப் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்க, ஆட்களைக் கூப்பிடும் கொம்பு ஊதியது. ஒவ்வொரு கதவாகத் திறந்து, காலடிகள் வாசலைத் தாண்டிப் போயின. பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரும் இறங்கவில்லை. சிறிது நேரத்தில், கொழுந்துக் கூடையைத் திரும்ப ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது.

மரியாயி குனிந்து அடுப்பை ஊதினாள். ரெஜினோல்டின் வெளுத்த சட்டை கொடியில் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதைக் காய வைக்க வேண்டும்.